மற்றவை

பெட்டி எண் இருபத்தேழு.
சிலிம் ரிவர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
செம்பனை நிரைகளுக்கு நடுவே
ஒற்றைக் கம்பத்தின் மேல் ஒரு பலகை வீடு.
மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிக்
கூகைகளை எண்ணுவது என் வேலை.
நாள் சம்பளத்துக்கு மேல் எட்டு ரிங்கிட்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
முட்டை, குஞ்சு, தாய், இறப்பு, மற்றவை.
மற்றவையில் இதுவரை
ஒரு பாம்புச் சட்டை எழுதியிருக்கிறேன்.
ஒருமுறை தேன்கூடு.
அன்று மட்டும் கையெழுத்து சரியில்லை.

ஷஃபிகுல் கீழே ஏணியைப் பிடித்திருந்தான்.
"அக்கா, இருக்கா?"
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான்.
இருந்தது.
எலி எலும்பும் மயிரும் மக்கிய மெத்தையில்
வெள்ளை முகத்தை மூலைக்குச் சாய்த்து.
தூங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்திருந்தது.
இறகின் ஓரம் தாண்டி
ஒருநாளும் வெளியே வராத பேன்கள்
கழுத்தின் மேல் வந்து நின்றன,
கரண்டு போன வீட்டிலிருந்து
ஆட்கள் ஒவ்வொருவராய் வாசலுக்கு வருவது மாதிரி.
தட்டையான ஈ ஒன்று
நண்டுபோல் பக்கவாட்டில் ஓடிப் பறந்தது.
அதன் வயிற்றைக் கவ்வியபடி இரண்டு பேன்கள்,
டிக்கெட் எடுக்காமல்,
இருபத்தெட்டாம் பெட்டிக்கோ
எங்குமே போய்ச் சேராமலோ.

நடக்க மட்டுமே தெரிந்தவை மிஞ்சின.
மிளகுத்தூளை ஊதிவிட்டது போல் செள்.
அந்தப் பெட்டிக்குள்
சூடாக இருந்தது என் கை ஒன்றுதான்.

இறப்பு: ஒன்று.
மற்றவை: செள், எண்ண முடியவில்லை.

கிராணி தேவேந்திரன் என் போனை வாங்கிப்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"எம்மாம் பேன்! ரத்தம் குடிச்சே கொன்னுருக்கு."
நான் எழுதியதை அடித்துவிட்டு
இறப்புக் கட்டத்தில் சேர்த்தார், அழகான கையெழுத்தில்:
காரணம், ஒட்டுண்ணி.
எல்லாப் பெட்டிக்கும் மருந்தடிக்கணும் என்று
துவான் ஹிஷாமுக்கு இன்றே கடிதம் போகுமாம்.

பேன் இறகைத்தான் தின்னும், ஐயா.
ரத்தம் குடிக்கிறது செள்ளு.
"ரெண்டும் ஒண்ணுதான், போம்மா."

ஒன்றில்லை.
ஈராய் ஒட்டி, பொரிந்து, கிழடாகி,
ஒரே உடம்பைத் தவிர வேறு ஊர் தெரியாதவை
அந்த உடம்புக்குத் தீ வைப்பதில்லை.
அதையும் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும்:

போன மாதம் பதினாலாம் நிரையிலிருந்து
மரத்துக்கு ஒன்றாய் நீலக் கட்டி வைத்தது யார் என்று.
கையுறை போட்டு, குனிந்து குனிந்து,
ஒன்றும் சிந்தாமல் வைத்தேன்.
ஸ்டோர்க்கார நாகையா அன்றே சொன்னார்:
தின்ற எலி உடனே சாகாது,
நாலு நாள் தள்ளாடும்,
உள்ளே ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே.
தள்ளாடுகிற எலி
கூகைக்கு எவ்வளவு சுலபம்.

ராத்திரி முழங்கை மடிப்பில் ஊறியது.
கோடாலித் தைலம் தேய்த்தேன். எரிந்தது, ஊறியது.
டார்ச் அடித்துத் தேடினேன்.
கடுகில் பாதிகூட இல்லை,
குடித்துச் சிவந்து
நகர முடியாமல் கிடந்தது ஒன்று.

இரக்கமெல்லாம் இல்லை.
நகத்தின் மேல் வைத்து
இன்னொரு நகத்தால் நசுக்கினேன்.
ஒரு சிவப்புப் புள்ளி.
என்னுடையதா, அதனுடையதா,
இரண்டும் கலந்ததா.

துடைக்கவில்லை.
சோற்றை இடது கையால் கிண்டினேன்.
எட்டு மணிச் செய்தி முடிந்தது.
வடக்கே போகிற ரயில் போய்
தகரக் கூரை அடங்கிய பிறகு
விளக்கடியில் விரலைத் திருப்பிப் பார்த்தேன்.

இன்னும் ஈரமாகவே இருந்தது.